கொக்கிக்குப் பக்கத்து முத்து

முத்து கோக்கிறவளுக்குத் தெருவில் பெயர் முடிச்சக்கா. ஒவ்வொரு முத்துக்கும் அடுத்து ஒரு முடிச்சு போடுவாள். நூல் அறுந்தால் ஒரே ஒரு முத்துதான் கீழே விழும், மற்றவை அதனதன் இடத்தில் நிற்கும். புருஷன் இறந்துபோன வருஷம் பிடித்த வேலை. முப்பது வருஷமாக நகைக்கடையிலிருந்து மாலைகள் துணிப்பையில் அவள் வீட்டுக்கு வந்து, புதுப் பட்டு நூலில் ஏறித் திரும்பிப் போயின. ரசீது என்று ஒன்று கிடையாது. கடைக்காரர் கொடுப்பார், இவள் வாங்கிக்கொள்வாள், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' மேல்தான் தாயும் மகளும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வேலை ஜன்னலோர மேசையில், பகல் வெளிச்சத்தில். கண்ணும் கையும் முத்தில் இருக்கும், காது மட்டும் ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை உட்காரவைத்து நூலகப் புத்தகங்களை வாசிக்கச் சொல்வாள். எந்தக் கதையைத் திறந்தாலும் எங்கேயாவது ஒரு முத்து வந்து நிற்கும். கதாநாயகியின் பல் முத்து, வேர்வை முத்து, மனசும் முத்து. அழுதாலோ கேட்கவே வேண்டாம்.

"அழுதா முத்து கொட்டும்னா நான் எதுக்குடி கடை வாசல்ல போய் நிக்கணும்? இங்கேயே ஒரு பாடு அழுதுட்டுப் பொறுக்கிக்க மாட்டேனா?" என்பாள்.

ஒரு நாவலில் கோபக்காரி ஒருத்தி மாலையைப் பிடுங்கி எறிய, முத்துகள் மாடிப்படியில் ஒரு பக்கம் முழுக்க உருண்டன. முடிச்சக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"கோத்தவன் யாருன்னு எழுதியிருக்கா பாரு. முடிச்சே போடாம குடுத்திருக்கான், சோம்பேறி."

மகள் சிரித்த சிரிப்பில் புத்தகம் மடியிலிருந்து நழுவியது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது டாக்டரம்மாவின் மாலை முதல்முறையாக வந்தது. டாக்டர் என்னவோ புருஷன்தான், ஊர் இவளையும் அப்படிக் கூப்பிட்டது. மாமியார் வழி வந்த மாலை, நாற்பத்தேழு முத்து. நூலை வெட்டி ஒவ்வொன்றாக முன்பல்லில் தேய்த்துப் பார்த்தாள். நல்ல முத்து பல்லில் நறநறக்கும், நைசான மணலைப் போல. நாற்பத்தாறு நறநறத்தன. ஒன்று வழுக்கிக்கொண்டு போனது. பூதக்கண்ணாடியில் துளையைப் பார்த்தால், ஓரத்தில் பூச்சு உரிந்து உள்ளே கண்ணாடி தெரிந்தது.

கடைக்குப் போகாமல் நேராக அந்த வீட்டுக்குப் போனாள். டாக்டரம்மா வெளியே வந்து கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். பின்கழுத்துல, கொக்கிக்குப் பக்கத்துல வர்ற மாதிரி கோத்துடுங்க. கடைக்குத் தெரிய வேண்டாம்."

ஏன், எதற்கு என்று முடிச்சக்கா கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கொரு முறை மாலை வரும், அந்தக் கண்ணாடி முத்து கொக்கிக்குப் பக்கத்தில் போய் உட்காரும். இருபது வருஷத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அவள் வாய் திறந்தாள். "இதுல ஒண்ணு பொய், யார்கிட்டயும் சொல்லாத." சின்னப் பெண்தானே, இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாள் என்று நினைத்தாள்.

மகள் ஆசிரியையானாள், கல்யாணமாகி அடுத்த தெருவுக்குக் குடிபோனாள், கதை எழுதினாள். போன வருஷம் புத்தகமே வந்தது. முதல் பிரதியை அம்மாவின் மடியில் வைத்தாள். முடிச்சக்கா பூதக்கண்ணாடியை வைத்து மூன்று நாள் படித்தாள். ஐந்தாவது கதையின் தலைப்பு 'நாற்பத்தேழு'. அதில் முடிச்சக்கா என்று ஒரு முத்து கோக்கிறவள். பெரிய வீட்டு மாலையிலிருந்து ஒரு முத்தை உருவிக்கொண்டு கண்ணாடி முத்தைக் கோத்துவிடுகிறாள். அதைப் பார்த்துவிட்ட மகள், அந்தப் பொய்யை நெஞ்சில் சுமந்தே வளர்கிறாள்.

மகள் வந்ததும் வராததுமாக முடிச்சக்கா கேட்டாள்.

"என்னைத் திருடின்னு எழுதியிருக்க."

"ஐயோ, அது நீ இல்லம்மா. கதை."

"முடிச்சக்கா யாரு? பக்கத்து ஊர்க்காரியா?"

"வேற பேர் வெச்சுப் பார்த்தேன், கதை நிக்கவே இல்ல. அந்த முத்து ஒரு குறியீடும்மா. ஒரு வீட்டுக்குள்ள இருக்கற பொய்."

"குறியீடுன்னு வீடு வீடா போய்ச் சொல்லிட்டு வருவியா? இன்னொண்ணு கேளு. உன் ஆளு பொய் முத்தை நடு மாலையில கோக்கிறா, நெஞ்சுக்கு நேரா, ஊரே பார்க்கற இடத்துல. எவளாவது அங்க வெப்பாளா? திருடின்னு எழுதினதுகூடப் போகட்டும்டி. வேலை தெரியாத திருடின்னு எழுதிட்டியே!"

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரிப்பாள் என்று பார்த்தாள். அம்மா சிரிக்கவில்லை.

இரண்டு வாரம் கடையிலிருந்து மாலை வரவில்லை. மூன்றாவது வாரம் போன் வந்தது, கடைக்கு வரச் சொல்லி. பழைய கடைக்காரர் போய்ச் சேர்ந்து, இப்போது அவர் மகள்தான் கல்லாவில். சின்ன வயதில் இவள் மடியில் ஏறி முத்தை எண்ணிய பெண். பாப்பா என்றுதான் இன்றுவரை இவள் கூப்பிடுவது. உள்ளே டாக்டரம்மா உட்கார்ந்திருந்தாள். நீல வெல்வெட் தட்டில் மாலை. பக்கத்தில் கத்தரி.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா," என்றாள் பாப்பா. "கதைன்னு எனக்கும் தெரியும். ஆனா நாற்பத்தேழுன்னு போட்டிருக்கே. நம்ம கடைக்கு வர்றதுல நாற்பத்தேழு இது ஒண்ணுதான். நாலு பேர் கேக்கறாங்க. வெட்டி ஒவ்வொண்ணா பார்த்துட்டா உங்களுக்கும் நிம்மதி."

வெட்டினால் கொக்கிக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். முடிச்சக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தன் கைப்பையின் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். 'இவங்களைக் கேளுங்க, இருபது வருஷமா இவங்களுக்கே தெரியும்' என்று. ஆனால் அன்றைக்கு முதுகுக்குப் பின்னால் சாத்திய கதவு இவள் கண்ணிலேயே நின்றது. அதற்குள் என்ன இருந்தது, இன்னும் யார் இருக்கிறார்கள், இவளுக்குத் தெரியாது. தெரியாத கதவைத் தன் பெயருக்காகத் திறப்பதா? ஒரு முடிச்சை இறுக்குகிற நேரம் காத்திருந்தாள், அந்த அம்மாவே சொல்லட்டும் என்று.

டாக்டரம்மா எழுந்தாள். "என் மாலைய யாரும் வெட்ட வேண்டாம். எனக்கு ஒரு புகாரும் இல்ல." மாலையை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசல்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பாப்பா பெருமூச்சு விட்டாள். "அவங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு, பார்த்தீங்களா."

முடிச்சக்கா காலித் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கத்தரியை மூடி வைத்தாள்.

"இனிமே மாலை வெளிய போக வேண்டாம்கா. நீங்களே கடைக்கு வந்து கோத்துக் குடுங்க. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்," என்றாள் பாப்பா. முத்து கோக்க வேறு யாரும் அந்தக் கடைக்கு இல்லை.

இப்போது அவள் வேலை கடைக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், குழல்விளக்கின் கீழ். தலைக்கு மேல் கேமரா. முதல் நாள் ஒரு முத்தைப் பல்லருகே கொண்டுபோன கை பாதியில் நின்றது. மேலேயிருந்து பார்ப்பவர்களுக்கு வாயில் போட்டுக்கொள்வது போலத்தானே தெரியும்? கையை இறக்கினாள். அதற்கப்புறம் பல்லில் தேய்ப்பதையே விட்டுவிட்டாள். வருவதைக் கோத்தாள், கொடுத்தாள்.

விஷயம் தெரிந்து மகள் ஓடி வந்தாள். "நான் போய்ச் சொல்றேன். டாக்டரம்மாதான் மாத்தி வெச்சாங்கன்னு."

"நீ பார்த்தியா? நானே பார்க்கல. தெரியும்னாங்க, அவ்வளவுதான். வெச்சது யாரோ, எதுக்கோ. வேற ஒரு கதை எழுதப் போறியா?"

மகள் முகம் சுருங்கியது. "அடுத்த பதிப்புல பேரை மாத்திடறேன்மா."

"அப்படியே நாற்பத்தேழையும் மாத்து."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் நூலகப் புத்தகத்தோடு வந்து, பழைய இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முடிச்சக்கா ஒரு சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மகள் வாசித்தாள். பத்துப் பக்கம் போனதும், எதிர்பார்த்தபடி, கதாநாயகியின் கன்னத்தில் முத்து உருண்டது. மகள் நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஊசி போய் வந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மாவே ஆரம்பித்தாள். "நேத்து கடைக்கு ஒரு மாலை வந்துச்சு. கையில எடுத்தவுடனேயே எனக்கு..."

"உனக்கு?" மகள் புத்தகத்தை மூடினாள். "என்னம்மா, சொல்லு."

முடிச்சக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒண்ணுமில்ல. நீ படி."