கிணற்றடிச் செம்பருத்தி

திருவிதாங்கூர்ச் சீமையில் இருந்த எங்கள் புளியறை வீட்டை, அம்மா இறந்ததும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர் செடிகளை வெட்டப்போகிறார் என்று தெரிந்து, அம்மா வைத்த அடுக்குச் செம்பருத்தியில் ஒரு கைப்பிடி குச்சிகளை ஒடித்தேன். ஈரத்துணியில் சுற்றி, வில்வண்டியில் மடியிலேயே வைத்து, மேலகரத்துக்குக் கொண்டுவந்தேன். அங்கேதான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். மனசு மட்டும் புளியறையிலேயே கிடந்தது.

என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை கற்றாழை மடலைக் கீறி, அந்தக் கொழகொழச் சாற்றில் குச்சிகளின் அடியைத் தோய்த்துத் தந்தாள்.

"சீக்கிரம் வேரு பிடிச்சிரும்."

ஈரமணலில் நட்டேன். குற்றாலச் சாரல் விடாமல் விழுந்தது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. காலையில் ஒரு குச்சியை உருவிப் பார்ப்பேன், வேர் இருக்காது. மறுபடியும் சாற்றில் தோய்த்து நடுவேன். சாயங்காலம் வேறொன்றை உருவுவேன். ஒவ்வொன்றாக அடி கறுத்து அழுகின. கடைசிக் குச்சியும் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அத்தை என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போனாள். துவைகல்லுக்குப் பின்னால், ஓர் உடைந்த பானையில் செம்பருத்திக் குச்சி துளிர்த்திருந்தது.

"நட்ட அன்னைக்கே ஒண்ண எடுத்து இங்கன ஒளிச்சு வச்சேன். ஒன் கைதான் சும்மா இருக்க மாட்டேங்குதே."

துளிர் சரி, அடியில் வேர் இருக்குமா? என் கை தானாக நீண்டது.

"ஏட்டி!"

அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வலித்தது. ஆனாலும் உருவிக்கொள்ளத் தோன்றவில்லை.