ஷோகேஸில் இடம் பிடித்த சுறாப்பல்

மனிதப் பல்லோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. அல்வாலில் சின்னதாக ஒரு பல் கிளினிக். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் பல்தான். கச்சிபௌலியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் கணவருக்கு, எப்போதோ அழிந்துபோன ராட்சதச் சுறாக்களின் பற்களைச் சேர்க்கும் பைத்தியம். மண்ணுக்கடியில் கிடந்து கல்லாகிப் போனவை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். அமெரிக்காவுக்கு ஆன்சைட் போய்த் திரும்பும் நண்பர்களின் பெட்டியில், சாக்லேட்டோடு அவருக்கு ஒரு சுறாப்பல்லும் வரும்.

முழுசாகக் கிடைப்பது அபூர்வம். உடைந்ததை ஒட்டி, செதுக்கி, சாயம் பூசி விற்பார்கள். அதனால் வீட்டில் நான் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. ஒட்டுவேலை அசலைப் போலவே இருந்தால் ஹால் ஷோகேஸ். இல்லையென்றால் கட்டிலடி ஷூ டப்பா. பாவம், டப்பாதான் நிறைந்துகொண்டே போனது. ஒன்றில் ஓரத்து ரம்பம் சீப்பு மாதிரி ஒரே சீராக இருந்தது. இன்னொன்றில் வேரின் நுண்துளைகளைச் சாயம் அடைத்திருந்தது. வேறொன்றில் நுனியை நட்டுக்குத்தலாக நிறுத்தியிருந்தார்கள். அது பக்கவாட்டுப் பல், நுனி சாய்ந்திருக்க வேண்டும் என்று வேரைப் பார்த்தாலே தெரியும். இதையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் சொல்லிவிடுவேன். அவர் முகம் தொங்கிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் நிறப் பல் ஒன்றை என் முன் வைத்தார்.

"இதாவது தேறுமா, பாரு." குரலில் அப்படியொரு ஆசை.

லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வேரின் துளைகள் திறந்தே இருந்தன. ரம்பம் நுனியை நெருங்க நெருங்கத் தேய்ந்திருந்தது. நுனியில் சின்னச் சில்லு பெயர்ந்த தழும்பு, எலும்பைக் கடித்த சுறாவுக்கு ஏற்படுவது. எந்த வியாபாரி இவ்வளவு யோசித்துச் செய்யப்போகிறான்?

"இதுல யாரும் கையே வைக்கல. ஷோகேஸ்ல வைங்க."

ஜெயித்துவிட்டார், எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். மனுஷன் நகரவில்லை.

"நக்கோ, இப்படி வேணாம். மெடிக்கல் ஷாப் லைட்ல ஒரு வாட்டி காட்டிடலாம்."

கிளினிக்குக் கீழே மருந்துக்கடையில் கள்ளநோட்டு பார்க்கும் நீல விளக்கு உண்டு. ஒட்டிய பிசின் அதனடியில் வெளிறி ஒளிரும், கல்லான பல் ஒளிராது. பல்லை நீட்டினோம். வேர் இருட்டாகவே இருந்தது. நுனி மட்டும் பளிச்சென்று வெளுத்தது, நான் தழும்பு என்று நம்பிய இடமும் சேர்த்து.

"நீங்களா செஞ்சீங்க?"

"ஹவ், நான்தான். நுனி உடைஞ்சுதான் வந்துச்சு. நீ தூக்கிப் போடுற பழைய பல் பிசினை வச்சு ஒட்டினேன். ஒவ்வொரு வாட்டியும் எது தப்புன்னு சொல்லுவியே, அது எதுவும் வராம பாத்துக்கிட்டேன்."

நான் குறை சொன்ன ஒரு வார்த்தையைக்கூட இந்த மனிதர் வீணாக்கவில்லை. பெருமையில் நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பிரமாதம்ங்க" என்று கடையிலேயே சொன்னேன். பல் ஷோகேஸின் நடுவில் உட்கார்ந்தது.

மறுநாள் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்தவரைக் கிளினிக்குக்குள் அழைத்தேன். ஒருவருடைய முன்பல்லுக்குச் செய்த பீங்கான் உறை, பிளாஸ்டர் அச்சில் மாட்டியிருந்தது. லென்ஸைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.

"நீங்க பாருங்க. சாய்வு சரியா இருக்கா?"