பூங்காவனத்தின் தகரக் குதிரை

மலாய் நாட்டின் காஜா பேராங்கில் சோடா கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்த பூங்காவனம், 1952-இல் ஒரே படத்தை ஐந்து தடவை பார்த்தாள். அதில் இளவரசன் இறக்கை வைத்த ஓர் இயந்திரக் குதிரையில் ஏறிக் கோட்டை மதிலைத் தாண்டிப் பறப்பான். மற்றவர்கள் பாட்டை முணுமுணுத்தபடி வீடு திரும்பினார்கள். அவளுக்கோ அந்த இறக்கை எப்படி அசைகிறது என்பதே நினைப்பு.

மறு வாரமே வேலையைத் தொடங்கிவிட்டாள். பால் டின்களை வெட்டித் தட்டி உடம்பு செய்தாள். உடைந்த குடைக் கம்பிகள் இறக்கைக்கு எலும்பாயின. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் இறகாயிற்று. அசைவுக்காக ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் பழைய அலாரம் கடிகாரம் ஒன்றை வாங்கிக் குதிரையின் வயிற்றுக்குள் பொருத்தினாள்.

அவள் கணவன் தியாகு பஸ் கண்டக்டர். கடிகாரத்தைப் பார்த்ததும் பயந்துபோனான்.

"பூங்கா, இது அவசரகாலம், கம்யூனிஸ்டுங்க குண்டு வைக்கிற நேரம். கம்பி, டின்னு, கடிகாரம்னு வீட்ல வச்சிருந்தா பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

"குதிரைன்னு நெனப்பான்."

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினாள்.

யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தியாகு சாப்பிட உட்காரும் நேரம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. "மாத்தா வந்துட்டாங்க!" என்று பக்கத்து வீட்டில் கத்தினார்கள். கார்ப்பரல் ஹாஜா இரண்டு மலாய்க் காவலர்களோடு உள்ளே வந்தார். மூலையில் துணியால் மூடியிருந்த ஏதோ ஒன்று டிக் டிக் என்றது. காவலர்கள் இருவரும் வெளியே பாய்ந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க! என்னம்மா அது?"

"குதிரைங்கய்யா."

"எந்தக் குதிரை?"

பூங்காவனம் துணியை உருவினாள். தகரக் குதிரை இடது இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. வலது இறக்கை சிக்கி நின்றது.

ஹாஜா குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தப்பா செஞ்சிருக்கியேம்மா."

பூங்காவனம் தியாகுவைத் திரும்பிப் பார்த்தாள்.

"படத்துல இறக்கை தோள்ல இருக்கும். நீ இடுப்புல வச்சிருக்கே. நான் மூணு வாட்டி பாத்தேன்லா!"

தியாகு அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். ஹாஜா வாசலுக்குப் போய், "குதிரைதான், வாங்க" என்று மலாயில் கூப்பிட்டார். காவலர்கள் வந்து ஆளுக்கொரு முறை சாவி கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அதுவரை அடுப்படியில் ஆறிக்கிடந்த சோற்றைத் தியாகு மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சாயங்காலமே இறக்கைகளைக் கழற்றித் தோளில் மாட்டினாள். இரண்டும் அடித்தன.

அதன்பிறகு படத்துக்குப் படம் அவள் கை சும்மா இருக்கவில்லை. பாட்டில் மூடிகளில் மகுடம் செய்தாள், தீப்பெட்டிகளில் மாளிகை கட்டினாள். 1957-இல் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது, ஊர்வலத்தில் போன சோடா லாரியின் முகப்பில் அவள் காகிதத்தில் செய்த ஆளுயர அன்னம் நின்றது. காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டிருந்தது. பூங்காவனம் லாரியின் பக்கத்திலேயே, மேலே பார்த்துப் பார்த்து நடந்தாள். ஒரு துளிகூட விழவில்லை.