கெங்கம்மாளின் கை

டாக்டர் தணிகாசலம் கும்மிடிப்பூண்டி பஜாரில் நடத்திய சிறிய ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். கெங்கம்மாள் ஆபரேஷன் தியேட்டர் உதவியாள். கருவிகளைக் கொதிக்க வைப்பது, பஞ்சும் துணியும் எடுத்து வைப்பது, டாக்டர் கை நீட்டினால் கத்தரியையோ இடுக்கியையோ அதில் வைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. டாக்டருக்கு மூக்கின் மேல் கோபம். அவளிடம் மட்டும் அது செல்லாது. பழவேற்காட்டு மீனவக் குடும்பத்தில் பிறந்தவள். புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டு வேலைக்கு வந்தாள்.

அவள் தொடாத வேலை ஒன்று உண்டு. மேசையில் படுப்பவர் உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பெண்களுக்குத் தாலியைக் கழற்றி, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைக் கட்டித்தான் உள்ளே அனுப்புவோம். அதற்கு விதவை ஆகாதாம். நர்ஸ் மேரிதான் செய்வாள். மேரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. நம் ஜனங்களின் நியாயம் அப்படி.

எழுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில், மேரி ஊருக்குப் போயிருந்தபோது, பழவேற்காட்டிலிருந்து செண்பகம் என்ற பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கரு, கர்ப்பப்பைக் குழாயிலேயே தங்கி வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஏரியில் படகு, அப்புறம் மீன் வேன் என்று வந்து சேர்வதற்குள் முகம் வெளுத்துவிட்டது. டாக்டர் கை கழுவப் போனார். கெங்கம்மாள் மஞ்சள் கயிற்றோடு வந்தாள்.

மாமியார் பச்சையம்மா வழியை மறித்தாள். கெங்கம்மாளின் ஊர்க்காரி அவள்.

"இவ தாலி அறுத்தவ. எம் மருமவ கயுத்துல இவ கை படக் கூடாது."

"நேரமில்ல அத்தை. உள்ள ரத்தம் போய்க்கினே கீது."

"வேற யாரையாச்சும் கூப்புடு."

யாரைக் கூப்பிடுவது? பச்சையம்மாவும் விதவை. வார்டிலிருந்த சுமங்கலிகளோ, சாகக் கிடப்பவளின் தாலியைத் தொடுவானேன் என்று நகர்ந்துகொண்டார்கள். எனக்கு அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் போல ஆத்திரம் வந்தது.

கெங்கம்மாள், சுவரோரம் நின்ற செண்பகத்தின் புருஷன் நாகமுத்துவிடம் கயிற்றை நீட்டினாள். "இத நீ கட்டு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவன் கட்டினான். பழைய தாலிக்கயிறு நனைந்து இறுகிப்போய் முடிச்சு அவிழவில்லை. கெங்கம்மாள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு கத்தரியை எடுத்து வெட்டி, தாலியை அவன் கையில் வைத்துவிட்டு, செண்பகத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

செண்பகம் பிழைத்துக்கொண்டாள். கார்த்திகைப் புயலில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து நாகமுத்து செத்தான்.

புயலை யாரும் குறை சொல்லவில்லை. கெங்கம்மாள் இருக்கும் தியேட்டருக்குள் வரமாட்டோம் என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். டாக்டர் அவளைத் துணி வெளுக்கும் கொட்டகைக்கு மாற்றினார். கத்தி பிடிப்பதில் இருந்த தைரியம் மனுஷனுக்கு இதில் இல்லை.

தை மாதம் செண்பகம் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நானும் பின்னாலேயே போனேன். அவள் கெங்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊரே உன்னத்தாங்கா சொல்லுது. படுத்தா எனக்கும் அப்பிடித்தான் தோணுது. எயுந்து இதுங்க மூஞ்சப் பாத்தா, நீ இல்லாங்காட்டி இதுங்களுக்கு யாரு கீறாங்கன்னு தோணுது. இன்னா பண்றதுன்னே தெரில."

அதெல்லாம் பைத்தியக்காரப் பேச்சு என்று கெங்கம்மாள் சொல்வாள் என்று காத்திருந்தேன். எத்தனை உயிர் பிழைத்ததைக் கிட்ட நின்று பார்த்தவள்!

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் அப்பிடித்தான் தோணுது செண்பகம்," என்றாள்.

ஆறு மாதம் கழித்து, ஆள் போதாமல் டாக்டரே வந்து தியேட்டருக்குக் கூப்பிட்டார். அவள் போகவில்லை.