இடது பக்கம் சாய்ந்த சீட்

விற்பனைக்கே வராமல் போன ஒரு காரால் யாருக்கு என்ன லாபம்? நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஒருவன் இப்படிக் கேட்டான். கார் சீட் தைக்கும் தையலக்காவின் கதை அப்போது எனக்குத் தெரியாது.

கார் தொழிற்சாலையின் பின்பக்கக் கொட்டகையில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கையாலேயே செய்துகொண்டிருந்தார்கள். இந்த ஒரு மாதிரி நன்றாக ஓடினால், அதே போல நிறையச் செய்து விற்பதாகத் திட்டம். ஓட்டுநர் சீட் செய்யும் பொறுப்பு தையலக்காவுடையது.

ஓட்டப்போகிறவரை ஃபோமின் மேல் உட்காரவைத்து, அழுத்துகிற இடத்தையெல்லாம் கத்தியால் சீவிச் சீவித்தான் அந்த சீட்டைச் செய்ய வேண்டும். ஆனால் சோதனை ஓட்டுநர் வெளியூர் போயிருந்தார். வடிவமைப்பாளரோ காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர்போல் அவசரப்பட்டார். அக்கா யோசித்தாள். அதே உயரம், அதே எடையில் ஓர் ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார்.

அவள் கணவர்தான் அவர். லாரி ஓட்டியவர். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு இடது பக்கம் கோணலாகக் கூடியதிலிருந்து உட்கார்ந்தாலே வலியில் உயிர் போகும். எப்போதும் நின்றுகொண்டே இருப்பார். யாராவது கேட்டால், தான் குதிரைக்குத் தூரத்துச் சொந்தம் என்பார்.

அவரை அழைத்துவந்து, முகம் சுளிக்கும் இடமெல்லாம் சீவினாள். ஒரு கட்டத்தில் முகம் சுளிப்பது நின்றது. பேச்சும் நின்றது. எட்டிப் பார்த்தால் அசந்து தூங்குகிறார். அக்கா கத்தியை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

தப்பு அங்கேதான் நடந்தது. உயரமும் எடையும் சரி, கோணலை மறந்துவிட்டாள். அவளுக்கு அது பழகிப்போன உடம்பு.

சோதனை ஓட்டத்தில், வண்டி இடது பக்கமே இழுப்பதாக ஓட்டுநர் புகார் சொன்னார். இன்ஜினியர்கள் சக்கரத்தைக் கழற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டார்கள். கடந்துபோன காரைப் பார்த்த அக்காவுக்குத்தான் விஷயம் புரிந்தது. வண்டி நேராகத்தான் போகிறது. சாய்ந்திருப்பது ஓட்டுநர், தன் வீட்டுக்காரர் சாய்வதைப் போலவே. ஓடிப்போய் உள்ளதைச் சொன்னாள். வடிவமைப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. புது சீட் தயாரானது, பழையது மூலைக்குப் போனது.

அதை வீட்டுக்குக் கேட்கலாம் என்று அவள் வாயெடுப்பதற்குள் மேலிடத்து உத்தரவு வந்தது. இந்த விலைக்கு வாங்க ஆள் கிடைக்காது, அதனால் கார் வேண்டாம். வடிவம் வெளியே கசியாமலிருக்க, அதற்காகச் செய்த எல்லாவற்றையும் நொறுக்கிவிட வேண்டும். அந்த ரக ஃபோம் கடையில் கிடைக்காது, இன்னொன்று செய்துகொள்ளவும் வழியில்லை.

வடிவமைப்பாளர் காரைத் தடவிக்கொண்டு நின்றார். துக்க வீட்டில் போய்ப் பாத்திரம் கேட்பதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தும் கேட்டாள்.

"சார், எங்க வீட்டுக்காரர் நிம்மதியா உக்காந்தது இதுல மட்டும்தான்."

"இந்தக் காரோட வடிவம் எதுவும் வெளிய போகக்கூடாதும்மா. எனக்கே ஒரு போல்ட்டுகூடக் கிடையாது."

மூலையில் கிடந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தவர், மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"உறையப் பிரிச்சிடுங்க. இரும்புச் சட்டத்தையும் கழட்டிடுங்க. உள்ள இருக்கிற ஃபோம் காரோட வடிவம் இல்லையே. அது உங்க வீட்டுக்காரரோட வடிவம்."

தன் தையலைத் தானே பிரித்தாள். ஃபோமைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறியவளிடம், இதற்கும் டிக்கெட் எடுக்கணுமே என்று நடத்துநர் கிண்டலடித்தார். இதில் உட்காரப்போகிறவர் வீட்டில் இருக்கிறார், அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

மரப்பெட்டி ஒன்றில் ஃபோமைப் பொருத்தினாள். அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார். சாயங்காலம் முழுக்க எழுந்திருக்கவே இல்லை. விளக்கு போட்ட பிறகுதான் எழுந்து, "நீயும் கொஞ்சம் உக்காந்து பாரேன்," என்றார்.

உட்கார்ந்தாள். சீட் அவளை இடது பக்கம் சாய்த்தது. அந்தப் பக்கம் அவர் நின்றிருந்தார்.

அந்தக் கார் வீணாய்ப் போயிற்று என்று யாராவது சொன்னால், இந்தக் கதையை அவர்களிடம் சொல்லுங்கள்.