சாக்குப்பைக்குள்ளிருந்து வந்த குரல்

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயர் ‘கூட்டம்’. படத்தில் கலவரமோ கல்யாணமோ எது வந்தாலும், பின்னால் சலசலக்கும் குரல்களில் நாலைந்து அவளுடையவை. “கூட்டம் வந்தாச்சா?” என்று கேட்டால், தோள்பையை மாட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய் நிற்பாள். அதுவரை அவள் பேசியதிலேயே நீளமான வசனம், “டாக்டர் உள்ளே இருக்கார், செருப்பைக் கழட்டிட்டு வாங்க” என்பதுதான்.

வீட்டிலும் அவளுக்கு வசனம் குறைவு. ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை வைத்திருந்த கணவர் நல்ல மனுஷர், ஆனால் வாயைத் திறந்தால் மூட மாட்டார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவள் ஒரு ‘ம்’ போடுவாள்.

அப்படியிருந்தவளை ஒரு சண்டைப் படம் தேடி வந்தது. சண்டையோடு சிரிப்பும் உண்டு. சிறையிலிருந்து தப்பியவன் ஒரு காரைக் கிளப்பிக்கொண்டு ஓடுகிறான். பின் சீட்டில் ஒரு பெண் இருப்பதைப் பாதி வழியில்தான் பார்க்கிறான். அவள் தலையில் சாக்குப்பையைக் கவிழ்த்துப் பிணைக்கைதி ஆக்கிக்கொள்கிறான். கதாநாயகிக்குக் குரல் கொடுப்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. “சாக்குக்குள்ள எல்லாக் குரலும் ஒண்ணுதான், கூட்டத்தைக் கூப்பிடு” என்றார் டைரக்டர்.

மைக் முன்னால் நின்று அவள், “ஐயோ, காப்பாத்துங்க” என்று கத்திப் பார்த்தாள். டைரக்டர் கொட்டாவி விட்டார்.

“உதடு தெரியலைம்மா. மனசுல வர்றதைச் சொல்லி அவனைத் திட்டுங்க.”

திரையில் தப்பியோடியவன் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையைக் கோதினான். எங்கேயோ பார்த்த கோதல். அவளுக்குள் ஏதோ மடை திறந்தது.

“ரெண்டு கையால ஓட்டினா கிரீடம் இறங்கிடுமா? வழி தெரியலைன்னா யாரையாவது கேட்டா வாய்ல இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? நான் ஒருத்தி பின்னாடி உட்கார்ந்திருக்கேன்னாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர் சிரித்துச் சிரித்து இருமினார். “அக்கா, கடத்திட்டுப் போறவனுக்கு எதுக்கு ‘உங்களுக்கு’?”

“வேற மாதிரி வாய்ல வர மாட்டேங்குது தம்பி.”

“அப்படியே இருக்கட்டும்” என்றார் டைரக்டர்.

கார் ஒரு பாலத்தைத் தாண்டிப் பாய்ந்தபோது, அவளையும் மீறி ஒரு வரி வந்தது. “எனக்குப் பயமா இருக்கான்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?” அதையும் எடுத்துக்கொண்டார்கள்.

படம் வந்த வாரம் கணவரோடு போனாள். சாக்குப்பை பேச ஆரம்பித்ததும் தியேட்டர் குலுங்கியது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் அவர்தான். ‘உங்களுக்கு’ என்ற இடத்தில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். பாலம் வந்தது. தியேட்டரில் சிரிப்பு அடங்கியது. அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அந்தப் பாலத்து வசனம்... எப்ப நடந்ததைப் பத்தி?”

“எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப. உள்ள கூட்டிட்டுப் போறாங்க, திரும்பிப் பார்த்தா நீங்க இல்ல. டீ குடிக்கப் போயிட்டீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க.”

அவர் தரையைப் பார்த்தார். “அங்க நிக்க முடியல. நாலு டீ வாங்கினேன்.”

“நாலா? நல்ல பசிதான்.”

“நாலும் ஆறிப் போச்சு. ஒண்ணுகூட இறங்கல.”

அவள் ‘ம்’ கூடப் போடவில்லை. அவரும் பேசாமல் இருந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு அமைதி இருந்ததில்லை. பிறகு அவள் எழுந்து போய்ச் சமையலறை விளக்கைப் போட்டாள். அவரும் பின்னாலேயே வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு டம்ளரைக் கழுவினார்.

அடுத்த வாரம் கடைக்கு ஃப்ரிட்ஜ் கொண்டுவந்த ஒருவர் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். “அந்தக் குரல் என் வீட்டுக்காரம்மாதான்” என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினாராம்.

“அப்போ அந்தத் திட்டெல்லாம்?”

“எல்லாம் சொந்த அனுபவம்தாங்க” என்று சொல்லிவிட்டு, கம்ப்ரஸரைக் கழற்றக் குனிந்துகொண்டாராம்.