புலமைப்பரிசிலுக்கு எடுத்த படம்

அம்மா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம். ஆட்டைத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறோம், மூத்த பிள்ளை நீதான் எழுத வேண்டும் என்று தங்கச்சி சொன்னாள். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உழவு மெசின் ஓட்டுகிறவன். நடந்ததை எழுதுகிறேன்.

அம்மா துணுக்காயில் பிறந்தார். வீட்டில் கடைசிப் பிள்ளை. அப்பாவைக் கலியாணம் செய்து கிளிநொச்சிப் பக்கம் வந்தார். கடைசிச் சண்டையில் அப்பா செல் பட்டுச் செத்தார். அம்மா எங்கள் இரண்டு பேரையும் கொண்டு முகாமுக்குப் போனார். பிறகு காணிக்குத் திரும்பினார். அதை இங்கே விரிக்கவில்லை. இதை வாசிக்கிற எல்லாரிடமும் அப்படி ஒரு கதை இருக்கிறது.

வயலில் களை பிடுங்கினார். கச்சான் கடலை பிடுங்கப் போனார். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்கு உள்பூச்சு பூசக் காசு காணவில்லை. ஆனால் வந்தவரைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்பியது கிடையாது. கைமாற்றுக் கேட்டு ஒருவருடைய படலையிலும் போய் நின்றது கிடையாது.

தங்கச்சிக்குக் கம்பஸ் கிடைத்தது. தெற்கில், தூரத்தில் உள்ள பல்கலைக்கழகம். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் என் உழைப்புப் போதாது. விதைப்புக் காலம் முடிந்தால் மெசினுக்கும் வேலை இல்லை. அம்மா புலமைப்பரிசில் கொடுக்கிறவர்களைத் தேடத் தொடங்கினார். பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போவார். வங்கியில் கேட்டார். கோயிலில் கேட்டார். ஒவ்வொரு இடத்துக்கும் அடையாள அட்டைப் பிரதி கொடுக்க வேண்டும். போட்டோக்கொப்பிக் கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: “அக்கா, இனிக் கொண்டுவராதேங்கோ. உங்கட ஐசி என்ர மெசினுக்குப் பாடம்.”

சேர்ச்சுக்கும் போனார்.

“பாதர், நாங்கள் வேதக்காரர் இல்லை. அதுக்காகப் பொய் சொல்ல மாட்டன். பிள்ளை கெட்டிக்காரி. இருந்தாத் தாங்கோ.”

“இருந்தாத்தானேயம்மா தாறதுக்கு” என்று பாதர் சிரித்தாராம். ஆனால் வெளிநாட்டில் உள்ள நம்மவர்கள் நடத்தும் ஒரு அமைப்பைச் சொல்லிவிட்டார். விண்ணப்பம் போட்டோம். வீடு பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது.

அம்மா அதை விருந்தாளி வருவதாக எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில், வருகிறவர்கள் இருக்கக் கதிரை இரவல் வாங்கினார். யன்னலுக்குச் சீலை வாங்கிக் கட்டினார். பெரியம்மாவின் பட்டுச் சேலையையும் சங்கிலியையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார். வடை, பயற்றம் பணியாரம், சோடா. வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். படம் எடுத்தார்கள். “வடை நல்லாயிருக்கு அம்மா” என்று சொல்லிப் போனார்கள்.

கிடைக்கவில்லை. தங்கச்சி போன் எடுத்துக் கேட்டாள். அவர்களுடைய கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை சொன்னாளாம்: “வசதியான குடும்பம் எண்டு எழுதியிருக்கு அக்கா. சங்கிலி, சோபா செற் எல்லாம் இருக்குதாம்.”

“சோபாவோ? அது பக்கத்து வீட்டுப் பிளாஸ்ரிக் கதிரை.”

அம்மா அன்று சாப்பிடவில்லை. “வீடு தேடி வந்த ஆக்களை மண்ணிலயே இருத்துறது?” என்று மட்டும் கேட்டார்.

பெரியம்மா வந்து ஏசினார். “விசரி. வடை சுட்டுக் குடுத்தா ஆர் காசு தருவினம்? இல்லாத மாதிரி நில்லடி.”

“மாதிரி என்னக்கா. இல்லைத்தானே.”

“அது அவையின்ர கண்ணுக்குத் தெரிய வேணும்.”

அம்மா மாட்டேன் என்றார். பிறகு ஒருநாள் தங்கச்சி, “கம்பஸ் வேண்டாம், நான் கார்மன்ற்ஸ் வேலைக்குப் போறன்” என்றாள். அம்மா அடுத்த பஸ்ஸில் பாதரிடம் போனார். பாதர் கதைத்ததால் அவர்கள் இன்னொரு தரம் வரச் சம்மதித்தார்கள்.

இந்தத் தரம் அம்மா தன் கையாலேயே வீட்டை வெறுமையாக்கினார். எங்கள் சொந்த அலுமாரியையும் பக்கத்து வீட்டில் வைப்பித்தார். முற்றம் கூட்டவில்லை. தோள் கிழிந்த வயல் சேலையோடு நின்றார். தேத்தண்ணி கொடுக்கவில்லை. கமரா வைத்திருந்தவர், “அம்மா, குசினி வாசல்ல நில்லுங்கோ. சிரிக்காதேங்கோ” என்றார். அம்மா போய் நின்றார்.

பணம் வந்தது. படிப்பு முடியும்வரை தவறாமல் வந்தது. அதை மறைக்க மாட்டேன். தங்கச்சி படித்து முடித்து இப்போது வவுனியாவில் வேலை செய்கிறாள்.

ஆனால் அந்த வருடமே அந்தப் படத்தைப் போட்டுக் கலண்டர் அடித்தார்கள். கீழே ‘கண்ணீரோடு ஒரு தாய்’ என்று எழுதியிருந்தார்கள். அம்மா அழுததை நான் கண்டதில்லை. கலண்டர் வெளிநாட்டில் சொந்தக்காரர் வீடுகளில் தொங்கியது. பிரான்சிலிருந்து அம்மாவின் தமையன், எங்கள் மாமா, அம்மாவுக்குப் போன் எடுத்தார்.

“என்ன தங்கச்சி, எங்கட மானத்தைக் கொண்டுபோய்க் கலண்டரில தொங்க விட்டிருக்கிறாய்?”

“பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சதை உங்களுக்குத்தான் முதல் சொன்னனான் அண்ணை” என்றார் அம்மா.

மாமா போனை வைத்துவிட்டார். மாமா கையிலும் இந்த மலர் கிடைக்கும். நடந்ததைத்தான் எழுதினேன்.

அதற்குப் பிறகு அம்மா கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டார். வருடம் முடியக் கலண்டரைக் கிழித்துவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். படத்தை இன்ரநெற்றிலும் போட்டிருந்தார்கள். “அதை எடுக்கச் சொல்லு பிள்ளை” என்று தங்கச்சியிடம் கேட்டபடியே இருந்தார். எங்களிடம் அவர் வேறு ஒன்றும் கேட்டதில்லை.

சிறுநீரகம் பழுதாகி வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அங்கே ஒரு தாதிப்பிள்ளை அன்பாகத்தான் கேட்டாள், “அம்மா, அந்தப் படத்தில இருக்கிறது நீங்கள்தானே?” என்று.

“அது நான் இல்லைப் பிள்ளை” என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தக் கிழமையே போய்விட்டார்.

பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டுப் பாடை தூக்கிய ஊர்ப் பிள்ளைகளுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், பாதருக்கும், போட்டோக்கொப்பிக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும் எங்கள் நன்றி. படிக்கப் பணம் தந்தவர்களுக்கும் நன்றி.

படம் இன்னும் இன்ரநெற்றில்தான் இருக்கிறது. எடுக்கச் சொல்லித் தங்கச்சி அமைப்புக்குப் பல தரம் எழுதிவிட்டாள். அந்தப் படத்துக்குத்தான் கூடுதலாகக் காசு சேர்கிறது என்கிறார்கள். வெளிநாட்டில் இதை வாசிக்கிற உங்களில் அவர்களைத் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். எடுக்கச் சொல்லுங்கள். அம்மா செத்து ஒரு வருடம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.